அப்பாவுக்கு ஒரு கௌரவ கலாநிதிப் பட்டம்: யார் கேட்பது, எங்கே கேட்பது?

கேள்வி:

என் அப்பாவுக்கு 79 வயது. பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். இளவயதிலிருந்தே தோட்டம் தோட்டமாகப் போய் மலையக நாட்டார் பாடல்களைச் சேர்த்தவர். கொப்பிகளும் ஒலிநாடாக்களும் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. இரண்டு சிறு நூல்களும் வெளியிட்டிருக்கிறார்.

போன கிழமை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. கௌரவ கலாநிதிப் பட்டத்துக்கு அப்பா தெரிவாகி இருக்கிறாராம். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் விழா. அங்கி, சான்றிதழ், கேடயம், இரவு விருந்து எல்லாவற்றுக்குமாக 2 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா. மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். கனடாவிலிருக்கும் அண்ணன் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார். அப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கடிதத்தைக் காட்டுகிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

இது உண்மையான பட்டமா? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பட்டத்தை எப்படிக் கொடுக்கின்றன? அப்பாவுக்காக நாங்கள் விண்ணப்பிக்கலாமா? கிடைத்தால் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடலாமா?

ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் அனுப்ப வேண்டாம் என்று அண்ணனுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களே முடிவு சொல்லப் போதும். ஒருவரைக் கௌரவிக்க நினைக்கும் பல்கலைக்கழகம் அவரிடமே காசு கேட்பதில்லை. படித்துப் பட்டம் பெறும் மாணவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டணம் கட்டுவது உண்மைதான். ஆனால் கௌரவப் பட்டம் பெறுகிறவர் அன்றைக்குப் பல்கலைக்கழகத்தின் விருந்தினர். அங்கியும் அவர்களுடையது, விருந்தும் அவர்களுடையது. பல்கலைக்கழக நிர்வாகத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும், இந்தப் பட்டத்துக்காக ஒருவரிடமிருந்து ஒரு சதம் வாங்கிக் கண்டதில்லை. மாத முடிவுக்குள் கட்டு என்ற நெருக்கடியும் அப்படித்தான். உண்மையான பல்கலைக்கழகம் ஒரு பெயரை முடிவு செய்யவே பல மாதம் எடுக்கும். முடிவு செய்தபின் காசுக்கு நாள் குறிக்காது.

அண்ணன் ஆதாரம் கேட்பார், அதனால் சரிபார்க்கும் வழியையும் சொல்கிறேன். இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இவற்றைத் தவிர, தனிச் சட்டங்களால் அமைந்தவை சில உண்டு. பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின்படி பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனங்களும் உண்டு. பெயர் விவரம் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. நேரில் கேட்பதென்றால் அலுவலகம் கொழும்பு 7, வோர்ட் பிளேஸில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், பாரிஸிலுள்ள சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கம் யுனெஸ்கோவோடு சேர்ந்து நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பெயராக இருந்தால், அந்நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே வெளியிடுகிறது. எங்கும் பெயர் இல்லையென்றால் விஷயம் முடிந்தது. பெயர் இருந்தாலும் அங்கே நின்றுவிட வேண்டாம். உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து பதிவாளரின் முகவரியை எடுத்து, ‘இப்படியொரு கடிதம் உங்களிடமிருந்து வந்ததா?’ என்று கேட்டு எழுதுங்கள்.

‘நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்கள்’ என்று ஒரு சான்றிதழைக் காட்டக்கூடும். அது பெரும்பாலும் கம்பனியாகவோ சங்கமாகவோ பதிந்த பத்திரமாக இருக்கும். தொழில் நடத்தவும் கூட்டம் கூட்டவும் அது போதும். பட்டம் கொடுக்கும் அதிகாரம் வேறு. அது சட்டத்தின் மூலம்தான் வரும்.

மண்டபத்தைப் பார்த்தும், மேடையில் இருக்கப்போகும் பெரியவர்களைப் பார்த்தும் நம்பிவிட வேண்டாம். 2023 பெப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மண்டபத்திலேயே ஒரு தனியார் அமைப்பு விழா வைத்து, பெயர் பெற்ற திரைக் கலைஞர்கள் உட்படப் பலருக்குக் ‘கௌரவ டாக்டர் பட்டம்’ கொடுத்தது. தமக்கும் அந்தப் பட்டத்துக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்து, பொலிஸில் முறைப்பாடும் செய்தது. வாங்கியவர்களுக்கு அது பெரிய சங்கடமாகப் போனது. வாழ்நாள் முழுக்க உழைத்த கலைஞர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! உங்கள் அப்பாவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதுதான் என் முதல் அக்கறை. கொழும்பிலும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் உண்மையான பட்டமளிப்பு விழாக்கள் நடக்கின்றன. காசு கட்டினால் வேறு யாரும் அதே மண்டபத்தை எடுக்கலாம்.

இனி, நம் பல்கலைக்கழகங்கள் எப்படிக் கொடுக்கின்றன என்பதற்கு வருகிறேன்.

கௌரவப் பட்டம் என்ற வழக்கத்துக்கு ஐந்நூறு வருடத்துக்கு மேல் வயது. 1470களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் லயனல் வுட்வில் என்பவருக்குக் கொடுத்ததையே முதல் கௌரவப் பட்டமாகச் சொல்வார்கள். அவர் இங்கிலாந்து அரசியின் சகோதரர். ஆக, செல்வாக்குள்ளவரின் தயவைப் பெறப் பட்டம் கொடுக்கும் ஆசை, பட்டத்தோடு சேர்ந்தே பிறந்தது. இன்று பல்கலைக்கழகங்கள் குழுவுக்கு மேல் குழு வைத்து ஒரு பெயரை வடிகட்டுவதன் காரணமும் அதுதான். அந்த வடிகட்டல் சில வேளை நாடே பேசும் அளவுக்குப் போயிருக்கிறது. 1985இல் பதவியிலிருந்த பிரதமர் மார்கரெட் தட்சருக்குக் கௌரவப் பட்டம் கொடுக்கும் யோசனையை ஒக்ஸ்போர்ட் கல்வியாளர்கள் 738க்கு 319 என்ற வாக்குகளால் தோற்கடித்தார்கள். கல்விக்கான நிதியை அவருடைய அரசு வெட்டியதில் அவர்களுக்கு அவ்வளவு கோபம். கொடுத்ததைத் திரும்பப் பெற்றதும் உண்டு: 1984இல் சிம்பாப்வே தலைவர் ரொபர்ட் முகாபேக்குக் கொடுத்த பட்டத்தை எடின்பரோ பல்கலைக்கழகம் 2007இல் பறித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடம், கோர்னெல், ஸ்டான்போர்ட் போன்றவை இந்த வில்லங்கமே வேண்டாமென்று கௌரவப் பட்டம் கொடுப்பதே இல்லை.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இரண்டு பெரிய சபைகள் உண்டு. ஒன்று மூதவை. பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் கூடும் கல்விச் சபை அது. மற்றது பேரவை. வெளியிலிருந்து நியமிக்கப்படுகிறவர்களும் இருக்கும் ஆட்சிச் சபை. இரண்டுக்கும் தலைவர் துணைவேந்தர். கௌரவப் பட்டத்துக்குத் தகுதியானவரை மூதவை சிபாரிசு செய்யும், பேரவை ஏற்கும், பட்டமளிப்பு விழாவில் வேந்தர் வழங்குவார்.

இது மேல் படிகள். உங்களுக்கு முக்கியமானது கீழ்ப்படி. ஒரு துறையில் யாராவது ஒரு விரிவுரையாளரோ பேராசிரியரோ, ‘இன்னாருடைய வேலையை நான் அறிவேன், அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுச் சொல்ல வேண்டும்’ என்று எழுத்தில் கொடுப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. அந்தக் கடிதம் பீடச் சபைக்குப் போகும். பிறகு பெரும்பாலும் மூதவை அமைக்கும் ஒரு சிறு குழு ஆராயும். அதன் பிறகுதான் மூதவை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் நடைமுறை கொஞ்சம் மாறும், காலக்கெடுவும் மாறும். நீங்கள் நாடும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறையைப் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நெறிமுறையைக் கேட்பது உங்கள் உரிமை. மற்றவர்களுடைய பெயர்களைக் குழு எப்படி மதிப்பிட்டது என்று கேட்டால் மறுக்கப்படலாம், அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது.

விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா விண்ணப்பிக்கக் கூடாது. நீங்களும் விண்ணப்பமாக எழுதாமல் இருப்பது நல்லது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பெயர் பரிந்துரைக்கப்பட்டது அந்த நபருக்கே தெரியக்கூடாது என்பது ஒழுங்கு. பேரவை ஏற்ற பிறகு, ‘ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று துணைவேந்தர் தனியாகக் கேட்பார். கிடைக்காமல் போனாலும் மனிதருக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகவே இந்த இரகசியம். ஆகவே இனி நீங்கள் எடுக்கும் முயற்சி அப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்கட்டும்.

குடும்பம் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. பரிந்துரைக்கப் போகும் பேராசிரியருக்குக் கையில் எடுத்து வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும். இப்போது உங்கள் அப்பாவின் வேலை ஓர் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது. அது திறக்கப்படாமல் எந்தப் பல்கலைக்கழகமும் அவரைக் காணாது.

கௌரவப் பட்டத்துக்கென்று வந்த கோவைகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே மாதிரி: பொன்னாடை போர்த்திய படங்கள், மாலை மரியாதை, பெயருக்கு முன்னால் வரிசையாகப் பட்டங்கள், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பாராட்டுக் கடிதம். எத்தனை பக்கம் புரட்டினாலும், இவர் என்ன செய்தார் என்பது தெரியாது. குழு தேடுவது ஒரு கேள்விக்கான பதிலைத்தான்: இந்த மனிதர் இந்த வேலையைச் செய்திராவிட்டால் இன்று நமக்கு எது தெரியாமல் போயிருக்கும்?

உங்கள் அப்பாவின் விஷயத்தில் இந்தப் பதில் கனமானதாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். 1964இல், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களைப் பற்றி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு பிரித்தன. அதன்பின் தோட்டம் தோட்டமாக ஆட்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த கிழவிகள் போனார்கள். காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் அருச்சுனன் தபசிலும் ஆடியவர்கள், அதற்குத் தப்பு அடித்தவர்கள் போனார்கள். தோட்டத்து லயன் வீடு ஒன்றில் யாரோ ஒரு பாட்டி பாடிய பாட்டு, அந்தப் பாட்டியோடு கடல் கடந்தது. உங்கள் அப்பா இளவயதிலேயே சேர்க்கத் தொடங்கினார் என்கிறீர்கள். அந்தக் கொப்பிகளில் ஒரு பகுதி, அவர்கள் கப்பலேறுவதற்கு முன்னால் எழுதியதாக இருந்தால், அவை இனி எங்கும் போய்ச் சேர்க்க முடியாதவை. கங்காணியைப் பற்றியும் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தைப் பற்றியும் கோப்பிக் காலத்தைப் பற்றியும் வரும் வரிகள், சம்பளப் பதிவேட்டிலும் துரைமாரின் கடிதங்களிலும் இல்லாத வரலாறு.

அதனால் முதல் வேலையாக, ஒவ்வொரு பாட்டுக்கும் திகதி, தோட்டம், டிவிஷன், பாடியவர் பெயர், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது என்ற ஐந்தையும் எழுதுங்கள். அப்பாவின் நினைவு நன்றாக இருக்கும்போதே இது நடக்க வேண்டும். கொப்பியை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாக அவரைக் கேளுங்கள், அவர் சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். திகதி ஞாபகமில்லை என்றால், அந்த நேரம் எந்தப் பாடசாலையில் படிப்பித்தார், கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டு வருடத்தைப் பிடிக்கலாம். நிச்சயமில்லாததை நிச்சயம் போல எழுதிவிட வேண்டாம். ஆய்வாளர்கள் ஒரு பிழையைக் கண்டால் மிச்சத்தையும் சந்தேகிப்பார்கள்.

ஒலிநாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளவத்தையில் கடற்காற்றும் ஈரமும் நாடாவுக்கு எதிரி. ஆசைக்குப் போட்டுப் போட்டுக் கேட்க வேண்டாம். பழைய இயந்திரத்தில் சிக்கினால் நாடா அறுந்துவிடும். ஒலிப்பதிவு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஒலியைச் சுருக்காத கணினிக் கோப்பாக மாற்றி, வெவ்வேறு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று கனடாவில் அண்ணனிடம் இருக்கட்டும். அவர் அனுப்ப இருந்த பணத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை. கொப்பிகளை மின்வருடவும் பாதுகாக்கவும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். 2005 முதல் ஈழத்து எழுத்துக்களை இணையத்தில் சேர்த்து வைக்கிறவர்கள், எழுத்து ஆவணங்களின் பெறுமதி அறிந்தவர்கள். அப்பா வானொலியில் பேசியோ பாடியோ இருந்தால் அந்த நிகழ்ச்சியின் விவரத்தையும் தேடி எடுங்கள்.

அடுத்தது, அவருடைய வேலையைப் பயன்படுத்தியவர்கள். எந்த மாணவர் தன் ஆய்வேட்டில் அப்பாவுக்கு நன்றி எழுதியிருக்கிறார்? எந்தக் கட்டுரையில் அவருடைய நூல் அடிக்குறிப்பாக வந்திருக்கிறது? எந்த நாடகக்காரர் அவரிடமிருந்து மெட்டு வாங்கிப் போனார்? வீட்டுக்கு வந்து கொப்பி இரவல் வாங்கிப் போன பிள்ளைகளை அப்பாவுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். அவர்களில் சிலர் இன்று விரிவுரையாளர்களாகக்கூட இருக்கலாம். ஒரு பேராசிரியரின் இரண்டு வரி அடிக்குறிப்பு, பத்துப் பொன்னாடைகளைவிட அந்தக் குழுவில் நிற்கும்.

இரண்டு நூல்களுக்கும் சர்வதேசத் தர நூல் எண் (ISBN) இருக்கிறதா, சுதந்திர வழியிலுள்ள தேசிய நூலகத்தில் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபதிப்பில் சரிசெய்யலாம்.

இதெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தபின் ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டாம், விவரம் போதும். அதோடு, பட்டம் என்ற சொல்லையே எடுக்காமல், ‘இப்படியொரு சேகரிப்பு எங்களிடம் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா?’ என்று ஒரு துறைத் தலைவருக்கு எழுதுங்கள். தமிழ்த்துறை என்றால் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நான் முதலில் பேராதனைக்கு எழுதுவேன். மலையகத்துக்குள்ளேயே இருக்கும் பல்கலைக்கழகம் அது, அந்தப் பாட்டுகள் பிறந்த தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். இசை, கூத்துப் பக்கம் கனம் கூட என்றால் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் எழுதாதீர்கள். வந்து பார்க்கும் பேராசிரியருக்கு அதன் பெறுமதி தெரிந்தால், பரிந்துரை என்ற பேச்சை அவரே எடுப்பார். எடுக்காவிட்டால், சில காலம் கழித்து அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் அவரிடம் கேட்கலாம். மகள் கேட்பதைவிட அது பொருத்தமாக இருக்கும்.

அமைச்சர்மாரைப் பிடிப்பது, கையெழுத்து வேட்டை, பத்திரிகையில் ‘இவருக்கு ஏன் இன்னும் பட்டம் இல்லை’ என்று எழுதுவிப்பது, இவை எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து வரும் அழுத்தம் மூதவையில் நல்ல பெயரையும் கெடுத்துவிடும்.

தகுதியைப் பற்றி ஒரு தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். அப்பா பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி வகித்தவரில்லையே என்று. கௌரவப் பட்டம் என்ற ஏற்பாடே அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். பல்கலைக்கழகத்துக்குள் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர்களைக் கௌரவிக்க வாழ்நாள் பேராசிரியர் என்ற தகைமை தனியாக இருக்கிறது. மரபு வழியில் தமிழ் கற்ற பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையை ‘இலக்கிய கலாநிதி’ என்று யாழ்ப்பாணத்தில் கௌரவித்தபோது, பட்டத்துக்குத்தான் பெருமை வந்தது. தெல்லிப்பழையில் துர்க்கை அம்மன் ஆலயத்தோடு சேர்த்து ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டையே அமைத்த ஆசிரியை தங்கம்மா அப்பாக்குட்டிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. மலையகத்துப் பாட்டைக் காத்த ஓர் ஆசிரியருக்கு அந்த வரிசையில் இடம் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை.

எல்லாக் கௌரவப் பட்டமும் கலாநிதிப் பட்டமாகத்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. உலகில் கௌரவ முதுமாணியும் கொடுக்கிறார்கள். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு 1753இல் ஹாவர்ட் கொடுத்தது கௌரவ முதுமாணி. 1759இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அதன்பின் ஊர் அவரை டொக்டர் பிராங்க்ளின் என்றே அழைத்தது.

அது அந்தக் காலம். இன்றைய வழக்கத்தில், கௌரவப் பட்டம் பெற்றவர் தன் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்டுக்கொள்வதைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விரும்புவதில்லை. ஆய்வு செய்து, ஆய்வேடு எழுதி, பரீட்சகர்கள் முன் நின்று பெற்ற பட்டம் என்று வாசிக்கிறவர் தவறாக எண்ணக்கூடும் என்பதே காரணம். தன்விவரத்தில் ‘இன்ன பல்கலைக்கழகத்தின் கௌரவ இலக்கிய கலாநிதி’ என்று வருடத்தோடு முழுதாக எழுதுவது நேர்மையானது, கம்பீரமும் அதில்தான் இருக்கிறது. மற்றவர்கள் அன்பில் ‘கலாநிதி ஐயா’ என்று கூப்பிட்டால் தடுக்கத் தேவையில்லை. பெயர்ப்பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் வேண்டாம்.

வயது காரணமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைந்த பிறகு இந்தப் பட்டத்தைக் கொடுப்பதில்லை என்று பல பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. விழாவுக்கு நேரில் வர வேண்டும் என்பதும் பொது வழக்கம். ஆனால் மனமிருந்தால் வழி உண்டு. முதுமையில் தளர்ந்திருந்த இரவீந்திரநாத் தாகூரைத் தேடி ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமே சாந்திநிகேதனுக்கு வந்தது. 1940 ஓகஸ்ட் 7ஆம் திகதி அங்கேயே சிறப்பு விழா வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். சரியாக ஒரு வருடத்தில் அவர் மறைந்தார். 79 வயது என்பதால் தொகுக்கும் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

பல்கலைக்கழகப் பாதை நீளமானது, அது கைகூடாமலும் போகலாம். அதற்கிடையில் அப்பா தாராளமாக விண்ணப்பிக்கக்கூடிய அரச விருது ஒன்று இருக்கிறது. கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் கலாபூஷணம். அதற்கு விண்ணப்பம் உண்டு, உங்கள் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். காசு கட்டும் விருதல்ல அது. தேசமான்ய, தேசபந்து போன்றவை ஜனாதிபதி வழங்கும் தேசிய விருதுகள். அவற்றின் சாயலில் பெயர் வைத்து, கட்டணம் வாங்கிக் கொடுக்கும் அமைப்புகள் கொழும்பில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை அப்பா பலருக்குக் காட்டியிருப்பதால் அவர்களும் தேடி வரக்கூடும்.

கடைசியாக, அப்பாவிடம் எப்படிச் சொல்வது? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று தொடங்க வேண்டாம். அந்தக் கடிதத்தில் அவர் வாசித்தது, தன் உழைப்பை யாரோ கண்டுவிட்டார்கள் என்ற செய்தியை. அந்த ஆசை முழுக்க நியாயமானது. இத்தனை வருடமும் அதைச் சொல்லாமல் இருந்தது நாங்கள், படித்த சமூகம். ‘அப்பா, உங்கள் வேலைக்குக் காசு கேட்கிறவர்கள் உங்களை மதிக்கவில்லை. கொப்பிகளை ஒழுங்குபடுத்துவோம், அதன் அருமை தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும்’ என்று சொல்லுங்கள். அவர் ஓர் ஆசிரியர், காரணம் சொன்னால் விளங்கிக்கொள்வார். அண்ணனையும் கனடாவிலிருந்து காணொளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் தர மறுத்தது நீங்கள் மட்டும்தான் என்ற எண்ணம் அப்பாவுக்கு வரக்கூடாது.

அந்த அமைப்புக்கு, ‘இந்தப் பட்டத்தை ஏற்க விரும்பவில்லை. அப்பாவின் பெயரையும் படத்தையும் உங்கள் அழைப்பிதழிலோ முகநூலிலோ பயன்படுத்த வேண்டாம்’ என்று மின்னஞ்சலில் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முற்பணம் என்று ஏதும் ஏற்கெனவே கட்டியிருந்தால், வங்கிச் சிட்டையையும் அவர்களுடைய கடிதத்தையும் வட்ஸ்அப் செய்திகளையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அப்பாவை அங்கே அழைத்துப் போகத் தேவையில்லை, பணம் கட்டியவர் போனால் போதும்.